பார்வை

குடிலுக்கு ஆடு செய்கிறவன் நான்.
தெர்மோகோலைச் செதுக்கி, காகிதம் ஒட்டி,
கண்ணுக்கு ஒரு சொட்டுக் கறுப்பு.
மார்கழி தாண்டினால் யாரும் தேடுவதில்லை.
வைகாசியில் வந்து நின்றான் பெல்லார்மின்,
தோளில் ஏர்கன் உறை.
"பன்னெண்டு புறா வேணும் லேய்,
வெள்ளிக்கிழமைக்குள்ள."

தாழக்குடிப் பத்தில் பூதலிங்கம் பொடிவிதை போட்டிருக்கிறார்.
மழை விழும்வரை நெல் மண்ணில் சும்மா கிடக்கும்.
அதற்குள் புறாக்கூட்டம் கணக்கை முடித்துவிடும்
என்பது அவர் கவலை.
பெல்லார்மின் கவலை வேறு:
மஸ்கட்டிலிருந்து வந்து இருபது நாள்,
ஒன்றுகூடச் சுடும் தூரத்தில் உட்காரவில்லை.

பரிசுத்த ஆவிக்கு வெள்ளையடித்த பிரஷ்ஷால்
சாம்பல் அடித்தேன்.
கழுத்தில் பச்சை, அதன்மேல் கொஞ்சம் ஊதா,
சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை,
நிற்க ஒற்றைக் கம்பி.
அவன் டம்மி என்றான்.
வடசேரியில் கௌதாரி விற்றவர் ஒருமுறை சொன்ன சொல்
எனக்குப் பிடித்திருந்தது:
பார்வை.
பறவையைக் காட்டிப் பறவையை இறக்குவது.

சனிக்கிழமை வெளுக்குமுன் நட்டோம்,
லாடம்போல் வளைத்து, நடுவே காலி விட்டு.
"வாறவனுக்கு எடம் வேண்டாமா?"
காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது.
வால்பக்கம் காற்று வாங்கி எந்தப் புறாவும் மேயாது என்று
பன்னிரண்டையும் மேற்கே திருப்பினான்.
தென்னமடல் மறைப்புக்குள் குப்புறக் கிடந்தோம்.
கூட்டம் வந்தது.
ஒரு சுற்று.
இன்னொரு சுற்று.
பூதப்பாண்டிப் பக்கம் போய்விட்டது.
மத்தியானம்வரை ஒரு காக்கை, ஒரு நாய்.
நாய் மோந்து பார்த்துக் காலைத் தூக்கியது.
"எனாமல் மினுங்குது லேய்.
எந்தப் புறா எண்ணெ தேச்சிட்டு வயலுக்கு வரும்?"

ராத்திரி உப்புத்தாள் போட்டேன்.
வயல் புழுதியைப் பசையில் குழைத்துப் பூசினேன்.
தேவதூதர்களுக்குப் பொன் தடவிய கை
அழுக்கைச் சரியாகப் பூசப் பழக
இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஞாயிறு, முதல் பூசைக்கு மணி அடிக்கும்போது
மடலுக்குள் கிடந்தேன்.
வந்தன.
சுற்றவில்லை.
சிறகைத் தூக்கி, காலைத் தொங்கவிட்டு
அந்தக் காலியிடத்தில் சொல்லிவைத்ததுபோல் இறங்கின.
ஏழு.
ஒன்றுக்கு இரைப்பை பிளந்து
பூதலிங்கத்தின் நெல்
பூதலிங்கத்தின் வயலிலேயே சிதறியது,
சிலது முளைவிட்டிருந்தது.

மூன்று மணி இருக்கும். ஒரு சுடு,
ஆனால் சத்தம் வேறு.
வெள்ளை மணிகள் காற்றோடு கிழக்கே பறந்தன.
பெல்லார்மின் நாக்கைக் கடித்தான்.
"அசைஞ்சுது லேய். மாதாவாணை அசைஞ்சுது."
இருபத்திரண்டு வருடம் குடில் செய்கிறேன்.
நல்லாயிருக்கு என்றிருக்கிறார்கள்,
பேரம் பேசியிருக்கிறார்கள்.
சுட்டதில்லை யாரும்.
சிரிப்பை மடலுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

இருட்டும்போது சாக்கோடு நான்தான் போனேன்.
பிடுங்கு, சாக்கில் போடு.
பிடுங்கு, சாக்கில் போடு.
எட்டாவதுக்குக் கம்பி இல்லை.
சூடாக இருந்தது.
உள்ளங்கைக்குள் ஏதோ
வேகவேகமாய்த் தைத்துக்கொண்டிருந்தது.
வலது சிறகு மட்டும் தொங்கியது.
மேற்கே பார்த்து, மற்றவற்றைப்போலவே,
எந்நேரத்திலிருந்து உட்கார்ந்திருந்ததோ.
பறக்க ஏலாமல் பொம்மையானதா,
என் பொம்மைகளைச் சொந்தமென்று நம்பியா,
கேட்க வழியில்லை.
கண்ணில் ஒரு சொட்டுக் கறுப்பு. அதைச் சுற்றி
நான் தீட்ட மறந்த செம்மஞ்சள் வளையம்.

வரப்பிலிருந்து டார்ச் அடித்தான்.
"எண்ணிட்டியா?"
பதினொன்று. அப்புறம் இது.
"பன்னெண்டு."
"நான் ஒடைச்சதையும் சேத்தா?"
"சேத்துத்தான்."

ஸ்கூட்டரில் அவனுடைய ஏழும் கொக்கியில் தொங்கின.
சாக்கு என் மடியில்.
புத்தேரிக் குளத்தங்கரையில் திரும்பும்போது
காற்றுக்கு மேல் கத்தினான்:
"அடுத்த சனிக்கு இன்னும் பன்னெண்டு.
ரெண்டு மட்டும் றெக்கை விரிச்சாப்ல."
சரி என்றேன்.
முழங்காலை ஆட்டாமல் வைத்திருந்தேன்.
சாக்குக்குள்
தெர்மோகோல் தெர்மோகோலில் உரசியது.